சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம்: தேர்ந்தெடுக்கும் முறை

நம் நாட்டில் எளியோரின் வாகனம் சைக்கிளே ஆகும். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, நூறு குடும்பங்களுள் ஏறத்தாழ 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டியோ 21 குடும்பங்களிலேயே இருந்தது. பால் கொண்டு செல்வோர், காலைப் பத்திரிகை வழங்குவோர், ஆலைத் தொழிலாளர், கொத்து வேலைக்குச் செல்வோர் முதலிய பலருக்குச் சைக்கிள் பொழுதுபோக்குச் சாதனமன்று. பிழைப்புக்கு வேண்டிய கருவியாகும். லாரியும் பஸ்ஸும் விரையும் அதே சாலையில்தான் இவர்களும் செல்ல வேண்டியிருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேருள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்களே.

மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு விதிக்கிறது. மிதித்துச் செலுத்தும் சைக்கிள் மோட்டார் வாகனம் அன்று. ஆகவே அச்சட்டம் சைக்கிளோட்டியைக் கட்டுப்படுத்துவதில்லை. கவசம் அணிவதும் அணியாதிருப்பதும், எதை அணிவது என்பதும் அவரவர் பொறுப்பாகவே இருக்கின்றன. குறைந்த வருவாய் உடையவர் தம் பணத்தை வீணாக்காமல் நல்ல கவசம் ஒன்றைத் தேர்ந்துகொள்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம். இதற்கு வேண்டுவன ஓர் அளவு நாடா, சிறிது பௌதிக அறிவு, கடையில் பத்து நிமிடப் பொறுமை ஆகிய மூன்றே.

தலையில் அடிபடும்போது நிகழ்வது யாது?

மண்டையோட்டினுள் மூளை ஒரு நீர்ப்பொருளால் சூழப்பட்டு மிதந்துகொண்டிருக்கிறது. தலை தரையில் மோதும்போது இருவகைத் தீங்குகள் நேரக்கூடும். எலும்பு உடைதல் ஒன்று. மண்டையோடு சட்டென நின்றபின்னும் மூளை தன் இயக்கத்தைத் தொடர முயல்வதால் அது நசுங்குதலும் அதன் மெல்லிய நார்களும் நாளங்களும் கிழிதலும் மற்றொன்று. எலும்பு முறியாதபோதும் இரண்டாவது தீங்கு நேரலாம் என்பதைக் கருத்தில் வைத்தல் வேண்டும்.

“நான் மெதுவாகத்தானே செல்கிறேன், எனக்குக் கவசம் எதற்கு?” என்று கேட்போர் பலர். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்திலிருந்து எப்பொருள் விழுந்தாலும் தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இவ்வேகத்தை அளிப்பது புவியீர்ப்பே, காலால் மிதிப்பதன்று. ஆதலால் நின்ற சைக்கிளிலிருந்து சாய்ந்து விழுபவரின் தலையும் இவ்வேகத்தை எட்டக்கூடும்.

இனி ஓர் எளிய கணக்கைக் காண்போம். விழும் பொருளைத் தரை எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்துகிறதோ அதைப் பொறுத்தே அதன்மேல் தாக்கும் விசை அமைகிறது. விழுந்த உயரத்தை நிற்கும் தொலைவால் வகுத்தால், அப்பொருளின் எடையைப்போல் எத்தனை மடங்கு விசை அதன்மேல் தாக்குகிறது என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். வெறுந்தலை கற்சாலையில் மோதி இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். ஒன்றரை மீட்டர் என்பது 1,500 மில்லிமீட்டர். அதை இரண்டால் வகுக்க 750 வருகிறது. தலையின் எடை ஐந்து கிலோகிராம் எனில், மூன்றே முக்கால் டன் பாரம் அதன்மேல் ஒரு கணம் அமர்ந்ததற்கு இது ஒப்பாகும். அதே தலை 15 மில்லிமீட்டர் தொலைவில் சீராக நிறுத்தப்பட்டால், 1,500ஐ 15ஆல் வகுக்க நூறு மடங்கே வருகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் பதினைந்து மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு ஒரு விரலின் அகலத்துக்கும் குறைவு. அச்சிறு தொலைவை அளிப்பதே தலைக்கவசத்தின் முழு வேலையாகும்.

உண்மையான மோதலில் விசை இவ்வளவு சீராக இராது. உச்ச அளவு கணக்கில் கண்டதைவிட மிகுந்தே இருக்கும். ஆயினும் தத்துவம் இதுவே. கவசம் அடியைத் ‘தடுப்பதில்லை’. தலை நிற்பதற்குச் சிறிது இடமும் சிறிது காலமும் தருகிறது.

கவசத்தின் உறுப்புகள்

அந்த இடத்தைத் தருவது எது? கவசத்தின் உட்புறத்தில் விரல் தடிப்பில் காணப்படும் வெண்மை அல்லது கருநிறமான இறுகிய நுரையே ஆகும். இரசாயன நூலார் இதனை விரிவடைந்த பாலிஸ்டைரீன் என்பர். நம் வீடுகளில் தெர்மோகோல் என்று வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கவசத்திலுள்ளது அதனினும் அடர்த்தி மிகுந்தது. எனினும் அதன் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காற்றுதான். நுண்ணிய காற்றறைகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கி மோதலின் ஆற்றலை ஏற்றுக்கொள்கின்றன.

இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம். பொருள்கள் கட்டிவந்த தெர்மோகோல் துண்டு ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்துக. குழி விழும், விரலை எடுத்தபின்னும் அது மேலெழாது. பாத்திரம் துலக்கும் பஞ்சை அவ்வாறே அழுத்தி விடுக. அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பும். பஞ்சு ஏற்றுக்கொண்ட ஆற்றலைத் திருப்பித் தருகிறது, தெர்மோகோல் தருவதில்லை. தலையை மீண்டும் எற்றித் தள்ளாமல் அமைதியாக நிறுத்துவதற்கு இரண்டாவது வகைப் பொருளே ஏற்றது. மேலும், ஒருமுறை நசுங்கிய இடம் மறுமுறை உதவாது என்பதும் இச்சோதனையால் விளங்கும்.

நுரையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு போர்த்தப்பட்டிருக்கிறது. அது நுரை சிதறாமல் காப்பதோடு, சொரசொரப்பான தரையில் கவசம் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்லவும் உதவுகிறது. உட்புறத்தே ஒட்டியுள்ள மெத்தைத் துண்டுகள் சௌகரியத்துக்காகவும் வியர்வையை உறிஞ்சுவதற்காகவும் வைக்கப்பட்டவை. அவை உயிரைக் காப்பன அல்ல. மெத்தை தடிப்பாக இருக்கிறதே என்று மயங்கி, நுரையே இல்லாத வெறும் பிளாஸ்டிக் தொப்பியை வாங்குவோர் உண்டு. கடைக்குச் செல்வோர் முதலில் கவசத்தைக் கவிழ்த்து, மெத்தைக்குப் பின்னால் இறுகிய நுரை இருக்கிறதா என்று காணல் வேண்டும். இல்லையேல், அதனைக் கீழே வைத்துவிடலாம்.

கட்டட வேலையில் அணியும் மஞ்சள் தொப்பியையே அணிந்து சைக்கிளில் செல்லும் தொழிலாளரைப் பல ஊர்களில் காணலாம். அத்தொப்பி மேலிருந்து விழும் கல்லையும் கருவியையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. நெற்றியிலும் பக்கங்களிலும் பிடரியிலும் படும் அடிக்கு அதில் போதிய காப்பு இல்லை. தாடையோடு பிணைக்கும் வாரும் பெரும்பாலும் இராமையால், விழும்போது தலைக்கு முன்னே தொப்பி தரையை அடைந்துவிடும்.

சில வரலாற்றுக் குறிப்புகள்

1935ஆம் ஆண்டில் ‘அரேபிய லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர், பின்னர் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை விளக்கி 1941இல் கட்டுரை வெளியிட்டார். அடியை ஏற்று நசுங்கும் நுரையை உள்ளே வைக்கும் முறை 1950களில் அமெரிக்காவில் உருவாயிற்று. சைக்கிள் பந்தயக்காரர்களோ நெடுங்காலம் தோற்பட்டைகளால் பின்னிய தொப்பியையே அணிந்துவந்தனர். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் கம்பெனி, நுரை உள்ளீடும் கெட்டி ஓடும் கொண்ட சைக்கிள் கவசத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சைக்கிளோட்டிகள் யாவரும் கவசம் அணிய வேண்டுமெனச் சட்டம் செய்தது. உலகில் அத்தகைய முதற் சட்டம் அதுவே.

தரக்குறியைக் காணுதல்

நுரையின் தடிப்பைக் கண்ணால் காணலாம்; அதன் திறத்தைக் காண இயலாது. அதற்கெனவே தரச்சோதனைகள் வகுக்கப்பட்டுள்ளன. உலோகத்தால் ஆகிய செயற்கைத் தலையொன்றில் கவசத்தை மாட்டி, குறித்த உயரத்திலிருந்து எஃகுப் பாளத்தின்மேல் விழச் செய்வர். உள்ளே பொருத்திய கருவி விசையை அளக்கும்.

இ.என். 1078 என்னும் ஐரோப்பியத் தரத்தின்படி, தட்டையான பாளத்தின்மேல் மோதும் வேகம் வினாடிக்கு 5.42 மீட்டர். நம் கணக்கில் கண்ட ஒன்றரை மீட்டர் வீழ்ச்சிக்கு அது சமமாகும். அப்போது உள்ளிருக்கும் தலைமேல் தாக்கும் விசை அதன் எடையைப்போல் 250 மடங்கைத் தாண்டலாகாது. அமெரிக்காவில் 1999 முதல் கட்டாயமாக உள்ள சி.பி.எஸ்.சி. தரத்தின்படி இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்வர். வரம்பு 300 மடங்கு. வார் எவ்வளவு இழுப்பைத் தாங்கும், கவசம் தலையிலிருந்து உருண்டு கழலுமா என்பனவும் இத்தரங்களில் சோதிக்கப்படுகின்றன. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றின் குறி கவசத்தின் உட்புறச் சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காண்க. அதே சீட்டில் அளவும் தயாரித்த ஆண்டும் இருத்தல் வேண்டும். அட்டைப் பெட்டியின்மேல் மட்டும் அச்சிட்ட குறியை நம்புதல் தகாது.

நம் நாட்டில் ஐ.எஸ். 4151 என்னும் தரம் மோட்டார் இருசக்கர வண்டியோட்டிகளின் கவசத்துக்கு உரியது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அவ்வகைக் கவசங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அது ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை உடையது, காதையும் மூடுவது. வெயிலில் மிதித்துச் செல்வோர் அதை நெடுநேரம் அணிந்திருத்தல் கடினம். சைக்கிள் கவசத்தின் எடையோ பொதுவாக 250 முதல் 400 கிராம் வரையே. இலேசாக இருக்கிறதென்று அதை மோட்டார் சைக்கிளுக்குப் பயன்படுத்துதல் ஆபத்தானது, சட்டத்துக்கும் பொருந்தாது.

தலையை அளத்தல்

தரமான கவசமும் தலையில் பொருந்தாவிடில் பயன்படாது. மோதும் கணத்தில் கவசம் பின்னால் சரிந்திருக்குமாயின், நெற்றி வெறும் நெற்றியே. ஆகவே பொருத்தமே முதன்மை எனலாம்.

தையற்காரரின் நாடாவைப் புருவத்துக்கு மேல் இரு விரல் உயரத்தில் வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுசென்று, பின்தலையில் மிகப் புடைத்த இடத்தின்மேல் சுற்றி அளத்தல் வேண்டும். மும்முறை அளந்து மிகுந்த அளவைக் குறித்துக்கொள்க. நாடா இல்லையேல், நூலால் சுற்றி அடிக்கோலில் அளக்கலாம். வயது வந்தோரின் தலைச்சுற்று பெரும்பாலும் 52 முதல் 63 சென்டிமீட்டருக்குள் அடங்கும். சிறிது, நடுத்தரம், பெரிது என்னும் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எனவே சீட்டில் உள்ள சென்டிமீட்டர் எண்ணையே பார்த்தல் வேண்டும். ஒருவரது அளவு இரு கவசங்களின் எல்லையில் அமைந்தால், இரண்டையும் அணிந்து பார்த்துச் சிறியது நெருக்காதாயின் அதையே கொள்க.

சுற்றளவு ஒன்றாயினும் வடிவம் ஒன்றாக இருப்பதில்லை. 57 சென்டிமீட்டர் சுற்றுள்ள இருவருள் ஒருவர் தலை முட்டைபோல் நீண்டும், மற்றவர் தலை ஏறக்குறைய வட்டமாகவும் இருக்கலாம். நீண்ட கவசத்தை வட்டத் தலையில் வைத்தால் பொட்டுகளில் அழுத்தும். முன்னும் பின்னும் இடைவெளி விழும். வட்டக் கவசத்தை நீண்ட தலையில் வைத்தால் நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தும், பக்கங்களில் ஆடும். இக்குறையை எவ்வளவு தடித்த மெத்தையாலும் போக்க இயலாது. வேறு மாதிரிக் கவசத்தை நாடுவதே வழி.

கூந்தலை உச்சியில் கொண்டையாக முடிந்திருப்போர் அதனைக் கழுத்தளவில் தாழப் பின்னலாக இட்டுக்கொள்ளுதல் நலம். வியர்வைக்காக மெல்லிய பருத்தித் துணி ஒற்றை மடிப்பில் அணியலாம். துண்டைப் பல மடிப்பாகக் கட்டி அதன்மேல் கவசம் வைத்தலாகாது. துணி வழுக்கும்போது கவசமும் உடன் வழுக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

பின்வரும் ஐந்து சோதனைகளையும் கடையிலேயே, கண்ணாடியின் முன் நின்று, வரிசையாகச் செய்தல் வேண்டும்.

முதலாவது: வாரைப் பூட்டாமல், பின்புறத் திருகைத் தளர்த்திக் கவசத்தை நேராக அணிக. விளிம்பு புருவத்துக்கு மேல் இரு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். விழிகளை மேலே உயர்த்தினால் விளிம்பு சற்றே தென்படுதல் முறை. தொப்பிபோல் பின்னுக்குச் சாய்த்து அணிவது பெருந்தவறு.

இரண்டாவது: திருகை இறுக்கியபின், வார் பூட்டாத நிலையிலேயே தலையைக் குனிந்து மெல்ல அசைக்க. கவசம் விழலாகாது. கைகளால் பற்றி இடம் வலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் உடன் நகர வேண்டும். கவசம் மட்டும் நகருமாயின் அது பெரிது.

மூன்றாவது: காதுக்கு முன்னும் பின்னும் இறங்கும் இரு வார்களும் காதின் அடியில் கூரிய கோணமாகச் சேர வேண்டும். அவை சேருமிடத்திலுள்ள கொக்கியை மேலும் கீழும் நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம்.

நான்காவது: தாடை வாரைப் பூட்டி, அதற்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் அல்லது இரு விரல் மட்டும் நுழையுமாறு இறுக்குக. பின்னர் கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்தால், கவசம் உச்சந்தலையைக் கீழ்நோக்கி இழுப்பது தெரிய வேண்டும். தெரியாவிடில் வார் தளர்ந்திருக்கிறது என அறிக.

ஐந்தாவது: உள்ளங்கையை முன்விளிம்பில் வைத்து மேலும் பின்னும் தள்ளுக, அடுத்து, பின்விளிம்பை முன்னோக்கித் தள்ளுக. நெற்றி வெளிப்படுமாறு கவசம் சரிந்தால், வார்களை மீண்டும் சீர்செய்து பார்க்க. அப்போதும் சரிந்தால் வேறொன்றை எடுக்க.

இவை முடிந்தபின் கவசத்தை உடனே கழற்றாமல் ஐந்து நிமிடம் அணிந்திருத்தல் வேண்டும். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தழும்பு காணப்பட்டால் வடிவம் பொருந்தவில்லை என்பது பொருள். நாள்தோறும் உறுத்தும் கவசம் விரைவில் ஆணியில் தொங்கிவிடும்.

விலையும் காப்பும்

விலை மிகுந்தது காப்பும் மிகுந்தது என்பது பொதுவான எண்ணம். இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அமெரிக்காவில் சைக்கிள் கவசங்களை ஆராயும் பொதுநல அமைப்பு ஒன்று, விலை மலிந்தவை சிலவற்றையும் பன்மடங்கு விலையுள்ளவை சிலவற்றையும் சோதனைச் சாலைக்கு அனுப்பியது. மோதற் சோதனையின் முடிவுகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. தரக்குறி பெற்ற கவசத்தின் விலை கூடக் கூட நாம் பெறுவன பெரும்பாலும் குறைந்த எடையும், மிகுந்த காற்றோட்டமும், அழகுமே. நம் நகரக் கடைகளில் தரக்குறியுள்ள எளிய கவசம் சுமார் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அன்றாடம் வேலைக்குச் செல்வோர்க்கு அதுவே போதுமானது.

தலை தரையில் சாய்வாக மோதும்போது அது சட்டெனச் சுழல்கிறது. அச்சுழற்சியும் மூளைக்குத் தீங்கு செய்யும். இதனைக் குறைக்கும் பொருட்டு, தலைக்கும் நுரைக்கும் இடையே சிறிது வழுக்கி நகரும் மெல்லிய அடுக்கொன்றைச் சுவீடன் நாட்டார் உருவாக்கினர். 2018 முதல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சாய்வு மோதலையும் சேர்த்துக் கவசங்களைச் சோதித்து நட்சத்திரக் குறியிட்டு வெளியிடுகிறது. இவ்வடுக்குள்ள கவசம் கைக்கெட்டும் விலையில் கிடைத்து, பொருந்தவும் பொருந்துமாயின் கொள்ளலாம். ஆயின், அவ்வடுக்கு உள்ளதெனினும் தலையில் தளர்ந்து ஆடும் கவசத்தைவிட, அஃதின்றியும் செவ்வனே பொருந்துவதே மேல்.

பணத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பிறர் பயன்படுத்திய கவசத்தை வாங்குதல் மட்டும் கூடாது. அது முன்னரே ஒருமுறை மோதியிருக்கலாம். மேலோடு பளபளப்பாகவே இருக்க, உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம்.

பாதுகாக்கும் முறை

சோப்பு நீரும் மெல்லிய துணியும் கொண்டே கவசத்தைத் துடைத்தல் வேண்டும். பெட்ரோல், வர்ணம் கரைக்கும் தின்னர் ஆகியன நுரையைக் கரைத்துவிடும். 70, 80 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் நுரை இளகிச் சுருங்கத் தொடங்குமாதலால், வெயிலில் நிறுத்திய மோட்டார் காரின் முன்கண்ணாடி அடியிலோ அடுப்பருகிலோ வைத்தலாகாது. பலமாக மோதிய கவசத்தை, விரிசல் தென்படாவிடினும், உடனே மாற்றுக. மோதல் நேராதபோதும், ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் மாற்றுமாறு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்துகிறது.

பயனும் எல்லையும்

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர், பல நாடுகளில் நடந்த 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் முடிவு கூறினர். விபத்தில் காயமுற்ற அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகளைப் பற்றியவை அவ்வாய்வுகள். கவசம் அணிந்தோர்க்குத் தலைக்காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகவும், கடுமையான தலைக்காயம் நேரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்களவாகவும் குறைந்திருந்தது.

எனினும் கவசம் விபத்தைத் தவிர்ப்பதில்லை. முகத்தையும் கழுத்தையும் மார்பையும் காப்பதில்லை. லாரிச் சக்கரத்தின் பாரத்தைத் தாங்குவதுமில்லை. நல்ல பிரேக், இரவில் முன்விளக்கும் பின்னே சிவப்பு ஒளியும், சாலையில் சைக்கிளுக்கென ஒதுக்கிய பாதை ஆகியன அதனினும் முந்தியவை. அவை யாவும் தவறி, தலை தரையை நோக்கிச் செல்லும் அந்த அரைவினாடிக்கே கவசம் உரியது.

ஆகவே வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டிய வரிசை இது: உள்ளே இறுகிய நுரை உண்டா என்று காண்க, சீட்டில் தரக்குறியையும் ஆண்டையும் படிக்க, தலையை அளந்து ஐந்து சோதனைகளையும் செய்க, விலையை இறுதியில் கேட்க. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, விலையிலிருந்து தொடங்குவோர் சில நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பியைப் பெறுவர். அல்லது சில ஆயிரம் கொடுத்துப் பொருந்தாத ஒன்றைப் பெறுவர். முறையாகத் தேர்ந்தவரோ, தம் ஒரு வாரச் சிறுசெலவுக்குள் அடங்கும் தொகையில், பதினைந்து மில்லிமீட்டர் தொலைவை விலைக்கு வாங்கியவர் ஆவர்.